வெட்கத்தால் வளரும் நோய்



இம்மாதம் நான் எழுதப் புகும் பொருள், பொதுவாக ஒரு குருவானவர் எழுத முன்வராத பொருள். நாலு பேர் கூடிய இடத்தில் அதைப் பற்றிப் பேசினால் முகஞ்சுளிப்போர் உண்டு. உண்ணும் வேளையில் இவ்விதழைப் புரட்டும் பழக்கமுடையோர், இந்தப் பக்கத்தை மட்டும் கைகழுவிய பிறகு படிப்பது நலம். ஆயினும் இதை எழுதாமல் விட என் மனச்சான்று இடந்தரவில்லை. அதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பங்கில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உபதேசியாராகப் பணியாற்றிய பெரியவர் ஒருவர் இருந்தார். கோயில் மணியடிப்பது முதல் சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டுவது வரை யாவும் அவர் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் நள்ளிரவில், தந்தைக்கு நோயிற்பூசுதல் கொடுக்க வேண்டுமென்று அவருடைய மூத்த மகன் வந்து அழைத்தார். மருத்துவமனைக்கு விரைந்தேன். குடல் அடைத்துக்கொண்டதால் அவசரமாக அறுவை செய்திருந்தனர். பெருங்குடலில் புற்றுநோய் என்றும், அது ஈரலுக்கும் பரவிவிட்டதென்றும் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

சில நாள் கழித்து, சற்றுத் தெளிந்திருந்த வேளையில் உபதேசியார் என் கையைப் பற்றிக்கொண்டு கூறினார்: "பதினாலு மாதமாக இரத்தம் போயிற்று, சாமி. வெறும் மூலந்தான் என்று இருந்துவிட்டேன். பெற்ற பிள்ளைகளிடத்தில் இதை எப்படிச் சொல்வது?" அந்தப் பதினான்கு மாதங்களும் அவர் சும்மா இருக்கவில்லை. மாதம் இருமுறை பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள விடுதியில் அறையெடுத்துத் தங்கி, மூலம், பௌத்திரம் பார்க்கும் ஒருவரிடம் சென்றிருக்கிறார். அம்மனிதர் ஒருமுறையேனும் அவரைப் படுக்கவைத்துச் சோதிக்கவில்லை. உடற்சூடு என்று சொல்லி, பொடியும் களிம்பும் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்டார். உபதேசியாரின் மனைவிக்கோ இவற்றுள் ஒன்றும் தெரியாது. உள்ளாடையைக் கூட அவரே துவைத்துக் கொண்டிருக்கிறார்.

அடுத்த ஏழு மாதங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். அதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். அதை இறுதியில் சொல்கிறேன். அவர் குடும்பத்தாரின் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன்.

தம் பாவங்களைக் குருவிடம் வந்து சொல்ல அஞ்சாத மனிதர், தம் உடலின் கழிவைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல நாணுகிறார். இந்த நாணம் எனக்கும் புதிதன்று. நான் பயின்ற குருமடத்தில் காலையில் யாவும் மணியடித்து நடக்கும். எழுவதற்கு ஒரு மணி, தியானத்துக்கு ஒரு மணி, திருப்பலிக்கு ஒரு மணி. மாணவர் பலர்; கழிப்பறைகளோ சில. வரிசையில் நிற்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். அடக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவது பழக்கமாயிற்று. அந்தப் பழக்கம் தந்த மலச்சிக்கல் முப்பது ஆண்டுகள் என்னை விட்டகலவில்லை. ஐம்பத்திரண்டாம் வயதில் ஒருநாள் இரத்தம் கண்டபோது, நானும் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. பிறகு துணிந்து மருத்துவரிடம் சென்றேன். சோதித்துப் பார்த்து, ஆசனவாயில் ஏற்பட்ட வெடிப்பு என்றார். உணவை மாற்றியதும் சில வாரங்களில் ஆறிற்று. உபதேசியாருக்கும் எனக்கும் கண்ட அறிகுறி ஒன்றே, நோய்தான் வேறு. எது என்பதைச் சோதித்தவரே சொல்ல முடியும். துன்புறுகிறவர் தாமாகச் சொல்ல இயலாது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுவே.

இனி, நம் வயிற்றுக்குள் நடப்பதைச் சிறிது நோக்குவோம்.

நாம் உண்ட உணவு இரைப்பையில் சில மணி நேரம் தங்கிக் கூழாகிறது. பின்னர் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் இறங்குகிறது. உணவின் சத்து பெரும்பாலும் இங்கேதான் இரத்தத்தில் சேர்கிறது. எஞ்சிய சக்கை நீர்த்த நிலையில் பெருங்குடலை அடைகிறது. பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரே. ஆயினும் சக்கை மிகுந்த நேரம், ஒரு நாளோ அதற்கு மேலோ, தங்குவது இங்கேதான். நாள்தோறும் வந்து சேரும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீரில் பெரும்பகுதியை உறிஞ்சி உடலுக்கு மீட்டுத் தருவது பெருங்குடலின் தலையாய பணி. அங்கு வாழும் கோடானு கோடி நுண்ணுயிர்கள், சிறுகுடலில் செரியாத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, குடலின் உட்சுவருக்கு உணவாகும் பொருள்களை ஆக்கித் தருகின்றன.

சக்கை அளவுக்கு மிஞ்சித் தங்குமாயின், நீர் மேலும் மேலும் உறிஞ்சப்பட்டு, மலம் ஆட்டுப் புழுக்கை போல் இறுகிவிடும். இதுவே மலச்சிக்கல். நாள்தோறும் ஒருமுறை கழிந்தே ஆக வேண்டும் என்பது பலருடைய எண்ணம். நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை கழிவது இயல்பே என்று மருத்துவர் கூறுவர். எண்ணிக்கையைவிட, மலத்தின் பதமும், முக்காமல் வெளியேறுவதுமே முக்கியம். வழவழப்பாக, வாழைப்பழம் போல் வெளிவருமாயின் கவலையில்லை.

சிக்கல் ஏன் வருகிறது? முதற்காரணம் உணவில் நார் குறைந்தமை. அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர், 1946 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உகாண்டா நாட்டில் பணியாற்றினார். மேலை நாடுகளில் தாம் நாள்தோறும் கண்ட மலச்சிக்கல், மூலம், பெருங்குடல் புற்று முதலியவை அந்நாட்டு நாட்டுப்புற மக்களிடம் அரிதாக இருக்கக் கண்டு வியந்தார். அவர்கள் உண்ட தீட்டப்படாத தானியங்களும் கிழங்குகளும் பருப்பு வகைகளுமே காரணமாகலாம் என்று கருதி, 1970-களில் நாடு நாடாகச் சென்று இதனை எடுத்துரைத்தார். அவர் கூறிய யாவும் அப்படியே நிலைபெற்றுவிடவில்லை. ஆயினும், முழுத் தானியமும் நார்ச்சத்தும் மிகுதியாக உண்போருக்குப் பெருங்குடல் புற்று குறைவாகவே வருகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன.

நம் பாட்டிமார் பர்க்கிட்டைப் படித்தவர்களல்லர். ஆனால் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் தினைச் சோறும் உண்டவர்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். நூறு கிராம் கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம் உள்ளது. தீட்டிய பச்சரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை நார் வேண்டும். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்டிலி, பரோட்டா என்று உண்டு, காய்கறியைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்துக்கொண்டால் இந்த அளவு எங்ஙனம் கிட்டும்?

ஆகவே ஒரு வேளையேனும் கம்பு, கேழ்வரகு, கோதுமை, கைக்குத்தல் அரிசி ஆகியவற்றுள் ஒன்று அமையட்டும். நாள்தோறும் ஒரு கீரை. வாழைத்தண்டு, அவரை, கொத்தவரை போன்ற காய். வாரத்தில் மூன்று நாளேனும் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு. விலையுயர்ந்த ஆப்பிளைத் தேட வேண்டா. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கொய்யாவை விதையோடு தின்றால் போதும். ஆனால் ஒன்று: நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாயு பிரியும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உடன் தண்ணீரும் போதிய அளவு பருகுங்கள். நீரில்லாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் மிகுமேயன்றிக் குறையாது. இருதயமோ சிறுநீரகமோ பழுதுற்று, நீரைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் அவர் சொற்படியே நடக்க வேண்டும்.

இரண்டாம் காரணம் அடக்கி வைத்தல். என் குருமடக் கதையை முன்னரே சொன்னேன். அதைவிட வருந்தத்தக்க நிலை நம் பெண்பிள்ளைகளுடையது. பள்ளியில் கழிப்பறை இருந்தும் நீரில்லை. அல்லது தாழ்ப்பாள் இல்லை. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுச் செல்லும் சிறுமி மாலை ஐந்து மணி வரை அடக்கி வைக்கிறாள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிடுகிறாள். வீட்டில் கழிப்பறை இல்லாத தாய்மார் பொழுது சாயும்வரை காத்திருந்த காலம் நம் நினைவில் உள்ளதன்றோ? மலக்குடல் நிறைந்ததும் அது மூளைக்கு அறிவிப்பு அனுப்புகிறது. அதைப் பலகால் புறக்கணித்தால் அந்த அறிவிப்பே மங்கிவிடுகிறது. பெற்றோர்களே, உங்கள் மகள் பள்ளியில் கழிப்பறைக்குப் போகிறாளா என்று ஒருமுறை கேளுங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் சென்று முறையிடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும் நாம் இதைக் கேட்பதில் என்ன இழிவு?

காலையில் ஏதேனும் பருகியதும் அல்லது உண்டதும் பெருங்குடல் தானே அசைந்து கொடுப்பது இயற்கை. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, அவசரமின்றிப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குந்தியிருத்தலே மலம் எளிதில் இறங்குவதற்கு ஏற்ற நிலை. முழங்கால் வலியால் மேல்நாட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் முதியோர், காலடியில் ஒரு சிறு முக்காலியை வைத்துக்கொண்டால் அதே பயன் கிட்டும். கைப்பேசியை எடுத்துச் சென்று அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருப்பது மூலத்துக்கு வரவேற்பு கொடுப்பதாகும்.

மூன்றாம் காரணம் சில மருந்துகளும் நோய்களும். இரும்புச்சத்து மாத்திரை, சிலவகை வலிமாத்திரைகள், நீரிழிவு, தைராய்டுக் குறைவு ஆகியவை மலச்சிக்கலை உண்டாக்கலாம். எனவே புதிதாகச் சிக்கல் தோன்றினால், தாம் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுக.

பேதி மருந்தைப் பற்றி ஒரு சொல். மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பிடித்துவைத்து விளக்கெண்ணெய் புகட்டும் வழக்கம் முன்பு இருந்தது. குடலை இவ்வாறு கழுவ வேண்டிய தேவையே இல்லை. அது தன்னைத் தானே துப்புரவாக்கிக் கொள்ளும் உறுப்பு. நிலாவரை சேர்ந்த பொடிகளையும் கடையில் விற்கும் பேதி மாத்திரைகளையும் ஆண்டுக்கணக்கில் தாமாகவே உண்போர், அவற்றின் காரணத்தை ஒரு மருத்துவரிடம் விசாரித்தறிதல் வேண்டும். கடுமையான வயிற்றுவலியோ வாந்தியோ உள்ளபோது பேதி மருந்து கொடுப்பது பேராபத்து. குடல்வால் அழற்சியாக இருப்பின் அது வெடித்துவிடக்கூடும்.

இனி இரத்தத்துக்கு வருவோம்.

ஆசனவாயின் உட்புறத்து இரத்தநாளங்கள் வீங்கித் தொங்குவது மூலம். இறுகிய மலம் கிழித்துவிட்டதால் உண்டாகும் புண் வெடிப்பு. கழிக்கும்போது கத்தியால் கீறினாற்போல் வலிக்கும். சீழ்பிடித்து, ஆசனவாயின் அருகே தோலில் துளை விழுந்து கசிவது பௌத்திரம். இம்மூன்றும் வேறுவேறு நோய்கள், மருத்துவமும் வேறுவேறு. இரத்தம் காண்போரில் மிகப் பெரும்பாலோருக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும். ஆகவே இரத்தத்தைக் கண்டதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டுவதில்லை. ஆனால் மூலம் உள்ளவருக்கே புற்றும் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. முன்பு மூலம் இருந்தது, ஆகையால் இப்போது வரும் இரத்தமும் மூலமே என்று முடிவு கட்டிவிடுவது பெரிய தவறு.

பெருங்குடல் புற்று ஒரே இரவில் முளைப்பதன்று. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதைமுளையாகத் தொடங்குகிறது. அம்முளைகளுள் சில மெல்ல மெல்ல வளர்ந்து புற்றாக மாறுவதற்கு ஏறக்குறையப் பத்தாண்டுகள் ஆகின்றன. இறைவன் நமக்குக் கொடுத்த நீண்ட தவணை என்றே இதனைச் சொல்லலாம். இத்தவணைக்குள் முளையைக் கண்டு அகற்றிவிட்டால் புற்று தோன்றவே தோன்றாது. தோன்றிய பின்னும், குடற்சுவரைத் தாண்டாத நிலையில் கண்டுகொண்டால் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

கொலோனோஸ்கோப்பி என்னும் சோதனையைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். முதல் நாள் நீர் உணவு. குடலைத் துப்புரவாக்க ஒரு மருந்துநீர். மறுநாள் மயக்கமூட்டும் ஊசி போட்டு, நுனியில் ஒளியும் படக்கருவியும் அமைந்த மெல்லிய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்க்கின்றனர். அரைமணி, முக்கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். சதைமுளை தென்பட்டால், பெரும்பாலும் அப்பொழுதே கம்பிக் கண்ணியால் சுருக்கி அகற்றிவிடுகின்றனர். அன்று மாலையே வீடு திரும்பலாம். இதைவிட எளிய சோதனைகளும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் மலத்தில் உள்ளதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது ஒன்று. மருத்துவர் கையுறையணிந்து விரலால் சோதிப்பது மற்றொன்று; மலக்குடலின் கீழ்ப்பகுதியில் தோன்றும் கட்டிகள் பலவற்றை இந்த ஒரு நிமிடச் சோதனையிலேயே அறிந்துகொள்ளலாம்.

மேலைநாடுகள் பலவற்றில் ஐம்பது வயதை எட்டியோரை, சில நாடுகளில் நாற்பத்தைந்தை எட்டியோரை, நோய்க்குறி ஏதும் இல்லாவிடினும் அழைத்துச் சோதிக்கின்றனர். நம் நாட்டில் இந்நோய் அங்குள்ளதைவிடக் குறைவே. ஆகையால் அரசு நடத்தும் புற்றுநோய்ச் சோதனைகள் வாய், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டுள்ளன. இதன் பொருள் என்ன? பெருங்குடலைப் பற்றி யாரும் நம் வீடு தேடிவந்து கேட்கப் போவதில்லை. நாமே வாய் திறந்து சொன்னாலன்றி நோய் வெளிப்பட வழியில்லை. வெட்கம் உயிருக்கு உலையாவது இங்கேதான்.

எப்போது வாய் திறக்க வேண்டும்? மலத்தில் இரத்தம் எவ்வடிவில் கண்டாலும், மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுத்தாலும் (இரும்பு மாத்திரை உண்போருக்கும் மலம் கறுக்கும், ஆயினும் கேட்டுத் தெளிவது நன்று), பல ஆண்டுகளாக இருந்த கழிப்பு வழக்கம் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் மாறி, சிக்கலும் பேதியும் மாறிமாறி வந்தாலும், கழித்த பின்னும் கழியாதது போன்ற உணர்வு நீடித்தாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும், ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரத்தசோகை கண்டாலும், தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். சத்து மருந்து வாங்கிக் குடித்துச் சோகையை மறைத்துவிடாதீர்கள். இரத்தம் எங்கே கசிகிறது என்று தேடச் செய்யுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இப்புற்று வந்திருந்தால், நாற்பது வயதிலேயே, அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவே, சோதித்துக்கொள்வது முறை.

வயிற்றின் மேற்பகுதியிலும் இதே தவற்றைச் செய்கிறோம். இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் மருத்துவர்களும் நம்பினர். 1982-இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதற்குக் காரணமான ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தனர். நம்புவாரில்லாமையால், 1984-இல் மார்ஷல் அந்நுண்ணுயிர் கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அத்தகைய புண்ணை இரண்டு வார மருந்தில் ஆற்றிவிடலாம். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலிமாத்திரைகளும் இப்புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இடக்கை வலியும் சேர்ந்து வரும்போது, "வாய்வு" என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்தவர்களுள் சிலர் மறுநாள் காலை எழவில்லை. அது மாரடைப்பு. நோய்க்கு நாமே பெயர் சூட்டும் பழக்கத்தை விட்டொழிப்போம்.

இந்நோய்களைப் பற்றிப் பேசுவது இழுக்கு என்று எண்ணுவோர்க்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுகிறேன். 1992-ஆம் ஆண்டு ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மூவேளைச் செபத்துக்குக் கூடியிருந்த மக்களிடம், அன்று மாலை சோதனைக்காக மருத்துவமனை செல்வதாகத் தம் வாயாலேயே அறிவித்தார். உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் மூன்றாம் நாள், ஜூலை 15 அன்று, அவருடைய பெருங்குடலில் இருந்த பெரிய கட்டியை அகற்றினர். உரிய காலத்தில் கண்டதால் அது புற்றாக முற்றியிருக்கவில்லை. அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் திருச்சபையை ஆண்டார். திருத்தந்தை பிரான்சிசுக்கு 2021 ஜூலை 4 அன்று அதே மருத்துவமனையில் பெருங்குடலின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. குடற்சுவரில் சிறு சிறு பைகள் தோன்றி, அதனால் குடல் குறுகிப்போன நோய் அது. தம் குடலில் 33 சென்டிமீட்டர் இப்போது இல்லை என்று அவரே பின்னர் ஒரு வானொலிப் பேட்டியில் கூறினார். உலகறியத் திருத்தந்தையர் சொன்னதை, நாம் மருத்துவர் ஒருவரிடம் தனியறையில் சொல்லலாகாதா? திருத்தூதர் சின்னப்பரும் திமொத்தேயுவின் வயிற்று நோயை மறவாமல், அதற்கு ஓர் அறிவுரையைத் தம் திருமுகத்தில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சிறிதளவு திராட்சை இரசத்தைப் பற்றி. அதைச் சான்றாகக் காட்டி மதுக்கடைக்குப் போக நினைப்போர் என்னை மன்னிக்க வேண்டும். மதுவும் புகையும் பெருங்குடல் புற்றுக்குக் காரணங்களுள் அடங்கும். பதப்படுத்திய இறைச்சியையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் புற்று விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. பெருநாளில் உண்ணும் ஆட்டுக்கறிக் குழம்பைக் கண்டு அஞ்ச வேண்டா. அதை அன்றாட உணவாக்காமல், காய்கறிக்கு இலையில் இடம் விட்டால் போதும்.

செலவுக்கு அஞ்சித் தயங்குவோர்க்கும் ஒன்று கூறுவேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் குடல்நோய்ப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. விடுதி அறை மருத்துவருக்கு உபதேசியார் பதினான்கு மாதம் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, அரசு மருத்துவமனைக்குப் பலமுறை போய்வரப் பேருந்துக் கட்டணமாகியிருக்கும் என்று அவர் மகன் கண்கலங்கிச் சொன்னார்.

அந்த உபதேசியார் இறுதியில் என்னிடம் கேட்டுக்கொண்டது இதுதான்: "சாமி, என் அடக்கத்தன்று என் நல்ல குணத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிராதீர்கள். நான் மறைத்ததால் வந்ததைச் சொல்லுங்கள்." அவ்வாறே மறையுரையில் சொன்னேன். கோயிலில் ஓர் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. இறந்தவரை இழிவுபடுத்திவிட்டேன் என்று சிலர் முணுமுணுத்தனர். ஆனால் அடக்கம் முடிந்த மறுவாரம், உபதேசியாரின் தம்பி, ஐம்பத்தொரு வயதினர், என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத் தமக்கு நோய்க்குறி ஏதுமில்லை என்றும், ஆயினும் அச்சமாக இருக்கிறது என்றும் சொன்னார். மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். சோதனையில் அவர் குடலில் இரண்டு சதைமுளைகள் இருந்தன. இரண்டையும் அப்பொழுதே அகற்றிவிட்டனர். இன்று அவர் வயலில் உழுதுகொண்டிருக்கிறார். மருத்துவர் குறித்த ஆண்டில் மீண்டும் சென்று பார்த்துக்கொள்ள வேண்டும்; அவ்வளவே.

இந்த மாதம் ஒருநாள் மாலை, குடும்பச் செபம் முடிந்து அமர்ந்திருக்கும்போது, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். தந்தை சொல்லத் தயங்கினால் மகன் முதலில் பேசட்டும். மாமியார் மருமகளிடம் சொல்ல நாணினால், மகள் வந்தபோது கேட்கட்டும். மனைவியருக்கு ஒரு சொல்: கணவர் திடீரெனத் தம் துணியைத் தாமே துவைக்கத் தொடங்கினால், அதைக் கண்டு மகிழ்ந்து இருந்துவிடாமல், ஏன் என்று அன்போடு கேளுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களுக்கு உடல்நலமும் உளநலமும் அருள்வாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை